துக்கத்துக்குச் சத்தம் பன்னிரண்டு

கிட்ட வாங்க கண்ணுங்களா. ஃபேனுக்கு நேரா உக்காருங்க, வேர்த்து ஊத்துது பாருங்க உங்களுக்கு. டீவி ஓடட்டும், அணைக்க வேணாம். சத்தத்தை மட்டும் குறைச்சிடுங்க. இல்லை, குறைக்கவும் வேணாம். ஏன்னு கதை முடியறப்போ உங்களுக்கே தெரியும். ஒரு சாவு வீட்டைப் பத்திச் சொல்லப்போறேன். பயந்துக்காதீங்க, பேய் பிசாசெல்லாம் வராது. இதுல வர்றவங்க எல்லாம் நல்லாப் படிச்ச மனுசங்கதான்.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தாற்போல ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, நீலத்தாமரை என்க்ளேவ் என்று பெயர். அதில் பி பிளாக் மூன்றாம் மாடியில் டில்லிபாபு ஒரு வீடு வாங்கி, முத்தாபுதுப்பேட்டையில் இருந்த அப்பா வேம்புலியையும் அம்மா குப்பம்மாவையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷினில் காலமெல்லாம் நின்றவர். ரிட்டயர் ஆனபோது கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. மிஷின் அவருடைய இரண்டு காதையும் வைத்துக்கொண்டது.

அதனால் குப்பம்மாவுக்குக் குரல் பெரிது. கல்யாணமான நாளிலிருந்து கத்திக் கத்தியே குடும்பம் நடத்தியவள். "சோறு துன்றியா?" என்று புருஷனைக் கேட்டால் தெருமுனையில் நிற்கிறவன் "துன்னுட்டேன்கா" என்பான். பழைய ஊரில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. அந்தக் குரல் கேட்டால் மணி பார்க்கவேண்டாம் என்று இருந்தார்கள்.

நீலத்தாமரையில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு வீட்டு டீவிக்கும் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. படம், சீரியல், செய்தி எல்லாம் அது வழியாகத்தான் வரும். வீட்டில் எழுகிற சத்தத்தையும் அதுவே அளந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் பார்க்கலாம், ஆனால் வெளிச்சம், நிறம், சத்தம் இவற்றை மாற்றுகிற அதிகாரம் குடியிருப்போர் சங்கத்தின் படம்-ஒலி சீரமைப்புக் குழுவிடம் இருந்தது. ஒரே காம்ப்ளெக்ஸில் ஒரு வீட்டுச் சிவப்பு இன்னொரு வீட்டில் ஆரஞ்சாகத் தெரிவது ஒற்றுமைக்கு நல்லதில்லை என்று பொதுக்குழுவில் பேசி, கைதட்டி, முடிவெடுத்திருந்தார்கள். சத்தத்தின் உச்ச எல்லை பன்னிரண்டு. பெட்டியில் நூறு வரைக்கும் எண் இருந்தது. மீதி எண்கள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டில் வேம்புலிக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் பேசுவதையெல்லாம் அவர் காதில் திருப்பிக் கத்துவாள். வில்லனும் அவள்தான், கதாநாயகியும் அவள்தான், தீர்ப்புச் சொல்கிற ஜட்ஜும் அவள்தான். வேம்புலி பொக்கைவாய் தெரியச் சிரிப்பார். "உன் கொரல்லதான்டி படமே சோக்கா கீது" என்பார். ஒருநாள் சங்கத்திலிருந்து டில்லிபாபுவின் போனுக்குச் செய்தி வந்தது: 'தங்கள் இல்லத்தில் பெட்டி அல்லாத வழியில் ஒலி வெளியாகிறது. தயவுசெய்து ஒழுங்குபடுத்தவும்.' அன்றிலிருந்து படம் ஊமையாக ஓடிற்று. வேம்புலி உதட்டைப் பார்த்துக் கதையை ஊகித்துக்கொண்டார். பெரும்பாலும் தப்பாகத்தான் ஊகித்தார். ஆனால் அவர் ஊகித்த கதைகளில் யாரும் சாகமாட்டார்கள்.

ஒருநாள் காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ ஆடைகட்டி ஆறிப்போயிருந்தது.

குப்பம்மா அவர் தோளைத் தொட்டாள். புரிந்துபோயிற்று. "ஐயோ, என் ராசாவே" என்று வாயைத் திறந்தாள்.

கண்ணுங்களா, நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டில் ஒருத்தி வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இவள் ஓர் அடி இழுக்க, அவள் ஓர் அடி இழுக்க, அப்படித்தான் ஒப்பாரி நடக்கும். ஒற்றை ஆளாக உலக்கை குத்தலாம், ஒப்பாரி முடியாது. எதிர்க்குரல் இல்லாவிட்டால் அழுகை தொண்டைக்குழியிலேயே நின்றுகொள்ளும்.

குப்பம்மாவுக்கு அப்படித்தான் நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. டில்லிபாபுவின் போன்தான் அடித்தது. "பி பிளாக் மூன்றாம் மாடியில் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது" என்றார் சங்கச் செயலாளர் சுப்பராயன்.

விஷயம் தெரிந்ததும் சுப்பராயன் தாமே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏதோ ஒரு துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் நிற்கும்போதெல்லாம் முன்னால் ஒரு மேஜை இருப்பது போலவே தோன்றும்.

"அம்மா, ஆழ்ந்த வருத்தம்" என்றார். "சாவைத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதன் சத்தத்தைத் தடுக்க உண்டு. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கம் உங்களுடையது, காது எல்லாருடையது."

"எல்லாரும் வருவாங்களா சார்?" என்றாள் குப்பம்மா.

"எல்லாரும் வருவார்கள். அவரவர் வீட்டில் இருந்தே வருவார்கள். அதற்குத்தான் ஏற்பாடு இருக்கிறது."

ஏற்பாடு இதுதான். உடலைத் தரைக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். சங்கத்தின் பெட்டியையும் கேமராவையும் அங்கே பூட்டி, எல்லா வீட்டு டீவிக்கும் அஞ்சலியை அனுப்புவார்கள். ஜனங்கள் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்து, ரிமோட்டில் கும்பிடு பொத்தானை அழுத்துவார்கள். லிஃப்டில் கூட்டம் இல்லை. வாசலில் செருப்பு இல்லை. காபி போடவேண்டியதும் இல்லை.

"அம்மா, இது நம்ம ஊடு இல்லம்மா, கம்யூனிட்டி" என்றான் டில்லிபாபு. அவன் கண் சிவந்திருந்தது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"எங்க நாத்தனாரு கஸ்தூரிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கெளம்பி வந்துகினே கீறாங்க."

கஸ்தூரி வந்தால் போதும் என்று குப்பம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். வேம்புலியின் ஒரே தங்கச்சி. அவள் கை கழுத்தில் விழுந்தால் அழுகை தானாக வந்துவிடும்.

கீழே, இரண்டு கார்களுக்கு நடுவில், வேம்புலி படுத்திருந்தார். தாடையில் துணிக் கட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு, கழுத்தில் சாமந்தி. எதிரே மூன்று கால் கம்பியில் கேமரா. படத்துக்குப் பொறுப்பு ரோஷினி. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், நல்ல மாதிரி, குரல் உயர்த்திப் பேசமாட்டாள்.

"ஆன்ட்டி, ஸாரி. காசு கிளேர் அடிக்குது. எடுத்துடலாமா?"

"அது வழிக்காசு பாப்பா. அத்த எடுத்தா வெறுங்கையோட இல்ல போவாரு?"

"ஷூட் முடிஞ்சதும் திரும்ப வச்சிடலாம் ஆன்ட்டி."

காசை எடுத்தார்கள். ரோஷினி தன் போன் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அங்கிள் முகம் ரொம்ப டார்க்கா வருது."

"அவுரு கறுப்புதாம்மா."

வெளிச்சத்தை ஏற்றினாள். முகம் தெரிந்தது, போர்த்தியிருந்த வெள்ளைத் துணி நெருப்பு மாதிரி எரிந்தது. இறக்கினாள். துணி அழகாக மடிப்பு மடிப்பாக வந்தது, முகம் இருட்டில் போயிற்று. முகமா துணியா என்று கேள்வி வந்தது. குழு அங்கேயே நின்று கை தூக்கிற்று. துணி ஜெயித்தது.

"குழப்பமே வேண்டாம்" என்றார் சுப்பராயன். "என் மாமனார் ஏ பிளாக்கில் காலமானபோது வைத்த அளவுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மிகச் சிறந்த படம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். இனி இந்தக் குடியிருப்பில் யார் இறந்தாலும் அதுதான் அளவு. சமத்துவம் என்பது வேறென்ன?"

ரோஷினி ஒரு பொத்தானைத் தொட்டாள். போன் திரையைக் குப்பம்மா எட்டிப் பார்த்தாள். பாலில் கழுவினாற்போல ஓர் ஆள் படுத்திருந்தார். சாமந்திப் பூகூட வெளுத்து மல்லிகையாகி இருந்தது.

"யாருமா இது?"

"அங்கிள்தான் ஆன்ட்டி. நல்லா வந்திருக்கார் இல்ல?"

அடுத்தது சத்தம். சத்தத்துக்குப் பொறுப்பு ஜெகதீஷ், காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, கையில் சத்தம் அளக்கிற கருவி வைத்திருந்த இளைஞன். "அம்மா, லெவல் செட் பண்ணணும். ஒரு தடவை அழுது காட்டுங்க" என்றான்.

குப்பம்மா அவனையே பார்த்தாள். "இன்னாது?"

"டெஸ்ட்டுக்குத்தான். நிஜம் அப்புறம்."

"தனியா எப்டிப்பா அழுவுறது? எங்க நாத்தனாரு வரட்டும்."

"அவங்க எல்லாம் கேட்டாண்ட கீறாங்கம்மா" என்றான் டில்லிபாபு. "இத்த டியூன் பண்ணி முடிச்சாதான் உள்ள வுடுவாங்களாம். நடமாட்டம் இருந்தா படம் ஆடுமாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் விருந்தினர் அறை. சோபா, ஏசி, சுவரில் பெரிய டீவி. கஸ்தூரியையும் கூட வந்த பெண்களையும் அங்கே உட்காரவைத்து, அஞ்சலியைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு காகிதக் கப்பில் டீ கொடுத்திருந்தார்கள். மேளக்காரர்களைச் சாலைக்கு அந்தப் பக்கமே நிறுத்தியாயிற்று. அவர்களுடைய மேளத்துக்கு எந்த அளவும் பெட்டியில் இல்லை.

குப்பம்மா வாயைத் திறந்தாள். "ராசாவே" என்று கொஞ்சம் வந்தது. ஜெகதீஷ் காதைப் பிடித்துக்கொண்டு கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். "குறைங்கம்மா, குறைங்க. சிவப்புல போகுது." அவள் குறைத்தாள். "இன்னும்." குறைத்தாள். "பன்னிரண்டு! அப்படியே பிடிச்சுக்கோங்க."

அப்புறம் ஒரு சந்தேகம் எழுந்தது. பெட்டியில் பேச்சு, பாட்டு, விளையாட்டு, இரவு என்று நாலு வகை இருந்தன. ஒப்பாரி எதில் சேரும்? பேச்சு என்றால் ராகத்தை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். பாட்டு என்றால் சொல்லை அமுக்கிவிடும். விளையாட்டு என்று வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு விசும்பலுக்கும் பின்னால் பெட்டி தானாகவே கூட்டத்தின் ஆரவாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. கூட்டம் என்று அங்கே இருந்தது கார் நிறுத்துமிடத்து மின்விசிறி மட்டும்தான்.

"இரவு" என்று தீர்ப்புச் சொன்னார் சுப்பராயன். "யாரையும் எழுப்பாது. அடியில் மெல்லிசாகப் புல்லாங்குழல் போட்டுவிடுங்கள். அழுகை தெரியட்டும், கேட்கவேண்டியதில்லை. நாகரிகம் என்பது அதுதான்."

"அங்கிள், லிப் சிங்க் போச்சு" என்றாள் ரோஷினி. "சத்தம் வடிகட்டி வர்றதுக்குள்ள வாய் மூடிடுது."

ஜெகதீஷ் யோசித்தான். "அம்மா, நீங்க வாயைத் திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அழுதுட்டீங்கன்னா சரியா வரும்."

டில்லிபாபு தலையைத் திருப்பி ஒரு காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குப்பம்மா அப்படியும் முயன்று பார்த்தாள். வாழ்க்கையில் யார் எதைச் சொன்னாலும் முயலாமல் விட்டவள் இல்லை அவள்.

கடைசியில் சுப்பராயனே வழி சொன்னார். "படத்தை மொத்தமாகக் கால் மணி நேரம் பின்தள்ளிவிடுங்கள். சத்தம் நிதானமாக வந்து சேர்ந்துகொள்ளும். இடையில் ஏதாவது மிகையாக நடந்தால் வெட்டிவிடவும் நமக்கு அவகாசம் கிடைக்கும். நேரலை என்றால் பக்குவமான நேரலையாக இருக்கவேண்டும்."

அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகு கீழே நடப்பது எதுவாக இருந்தாலும், மேலே வீடுகளிலும் கேட்டாண்டை அறையிலும் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இதைக் குப்பம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கஸ்தூரிக்கும் சொல்லவில்லை. கும்பிடுகள் வந்து குவிந்தன. படம் ரொம்பத் தெளிவு என்று சி பிளாக்கில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். போன தடவையைவிட நன்றாக இருப்பதாக இன்னொருவர்.

அவர்கள் டியூன் செய்து முடிப்பதற்குள் சுடுகாட்டு வண்டி வந்துவிட்டது. முன் கேட் வரவேற்புக்கு, போக்குக்குப் பின் கேட் என்பது விதி. ஆகையால் வண்டி பின்பக்கமாக இறங்கி வந்து நின்றது. நாலு பேர் ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள்.

குப்பம்மா குறுக்கே போய் நின்றாள். "சார், கொஞ்சம் பொறுங்க. கூடப் பொறந்தவ வரட்டும். நாங்க பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல. எடுக்கறப்போ பார்த்தாதான் உண்டு. ஒரே ஒரு தபா அவ முகம் பார்க்கட்டும் சார்."

"அம்மா, அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்றார் சுப்பராயன், மிகவும் கனிவாக. "உண்மையைச் சொன்னால் நேரில் வந்தால் இவ்வளவு நன்றாகத் தெரியாது. இங்கே வெளிச்சம் போதாது."

"வண்டிக்கு அடுத்த டூட்டி கீதாம்மா" என்றான் டில்லிபாபு. அவன் குரல் அப்போது சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

எடுத்தார்கள். எடுக்கும்போதுதான் கண்ணுங்களா, எந்த வீட்டிலும் கூரை பிய்ந்துபோகிற அளவுக்கு அழுகை எழும்பும். குப்பம்மா வாயைத் திறந்தாள். கையைக் கழுத்தளவுக்குத் தூக்கினாள். தூக்கிய கைக்குள் வந்து விழ ஒரு கழுத்து இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஜெகதீஷின் கை, அமுக்கு அமுக்கு என்று காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி சத்தமில்லாமல் சரிவில் ஏறிப் போயிற்று. டில்லிபாபு அதில் போனான். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ரோஷினி கார்மேல் வைத்திருந்த போனின்மேல் அந்த ஒற்றை ரூபாய்க் காசு இருந்தது.

"ஐயோ ஆன்ட்டி" என்றாள் ரோஷினி. "ஸாரி."

அப்போது கேட்டாண்டை அறையில், கஸ்தூரி டீக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் அண்ணன் வெள்ளைவெளேரென்று படுத்திருந்தார். புல்லாங்குழல் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். செக்யூரிட்டி உதயகுமார் உள்ளே எட்டிப்பார்த்து, "நீங்கள்லாம் இன்னும் கெளம்பலியா? வண்டி போயிடுச்சேம்மா" என்றான்.

"எந்த வண்டிய்யா?"

"பாடி எடுத்துகினு போயிட்டாங்களே."

"இன்னாய்யா ஒளர்ற? தோ படுத்துகினு கீறாரே எங்கண்ணன்!" என்று கஸ்தூரி திரையைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. உதயகுமாரின் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் எழுந்து ஓடினார்கள். டீ சோபாவில் கொட்டிற்று. அதற்குத் தனியாக ஒரு புகார் அன்றைக்கே பதிவாயிற்று.

அவர்கள் கீழே வந்தபோது குப்பம்மா ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், காசைக் கையில் மூடிக்கொண்டு. எதிரே சுப்பராயன் குனிந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிக நேர்த்தியாக முடிந்தது அம்மா. எல்லா அளவுகளும் பெட்டியில் சேமித்தாயிற்று. உங்களுக்கு வரும்போது ஒரு சிரமமும் இருக்காது. ஒரே பொத்தான்."

கஸ்தூரி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணீ..." என்று ஓர் இழுப்பு இழுத்து, தரையில் விழுந்து, குப்பம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுற்றி மற்ற பெண்களின் கைகள். காலையிலிருந்து குப்பம்மா காத்திருந்த கைகள் அவைதான். கஸ்தூரி ஓர் அடி பாடினாள். எதிரடிக்கு நிறுத்தினாள்.

குப்பம்மா வாயைத் திறந்தாள். வந்தது. ஆனால் கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. அவள் கண் கஸ்தூரியின் தோளுக்கு மேலாக, கேமராவில் எரிந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கஸ்தூரி விலகி அவள் முகத்தைப் பிடித்தாள். "இன்னா அண்ணி இது? யாருக்குப் பயந்துகினு அழுவுற? ஓங்கி அழு. எங்கண்ணனுக்குக் காது கேக்காதுன்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும். குப்பம்மா தலையை ஆட்டினாள். மூச்சைப் பிடித்தாள். வயிற்றிலிருந்து இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

ஜெகதீஷ் தன் கருவியைப் பார்த்தான். முள் பன்னிரண்டில் நின்றது.

கருமாதி அன்றைக்கும், அதற்கப்புறமும், சோறு உண்ண மகனைக் கூப்பிடும்போதும், அந்தக் குரல் அதற்கு மேல் ஏறவே இல்லை. ஒழுங்குக்கு வந்த இல்லம் என்று சங்கம் அவர்கள் வீட்டுக்கு ஒரு பாராட்டுச் செய்தி அனுப்பிற்று. காசு இன்னும் அவள் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்திருங்க, கை கழுவுங்க, சோறு வெந்திருக்கும். உங்க வீட்டுப் பாத்திரம் சத்தமா உருளட்டும். உங்க குழந்தைங்க தெருவுக்கே கேக்கற மாதிரி சிரிக்கட்டும். நல்லதோ கெட்டதோ, உங்க வாயில ஒரு சத்தம் எழும்பினா பக்கத்து வீட்டுக் கதவு அந்த நிமிஷமே திறக்கட்டும். கால் மணி நேரம் ஆகாம இருக்கட்டும். நீங்க கை தூக்கறப்போ அதுக்குள்ள ஒரு கழுத்து இருக்கட்டும். நல்லா இருங்க.